ஆண்டவருக்குக் குடல் பதறியது

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷங்களில் நான் கோர்ட்டில் துபாஷி. சாட்சி "எம் வயிறு எரியுதுங்க" என்று கதறினால், நான் பிரெஞ்சில் "இவருக்கு மிகுந்த வருத்தம்" என்பேன். ஒருமுறை உள்ளபடியே சொல்லப்போய், நீதிபதி டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஊரார் துக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்டுத்தான் மேலே அனுப்புவது வழக்கம்.

இந்தத் திறமையை நம்பி, பங்குச் சாமியாரான பிரெஞ்சுக்காரர் தம் பிரசங்கத்தைத் தமிழாக்க என்னைக் கூப்பிடுவார். அந்த வாரம், விதவை ஒருத்தியின் ஒரே மகனைப் பாடையில் தூக்கி வரும் சுவிசேஷம். அவளைக் கண்ட ஆண்டவர் 'மனமிரங்கினார்' என்று எழுதினேன். சாமியாருக்குத் திருப்தியில்லை. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'ஸ்பிளாங்க்னா' என்பதிலிருந்து வந்ததாம். குடல், ஈரல் எல்லாம் அதில் அடக்கமாம்.

"குடல் பதறிச்சுன்னு எழுதினா, சனங்க ஆண்டவருக்கு ஓமத்தண்ணி கொண்டாந்துருவாங்க சாமி," என்றேன். சிரித்துவிட்டார். 'மனமிரங்கினார்' என்பதே நின்றது.

வியாழக்கிழமை என் கைக்கு ஒரு அரசாங்கக் கடிதம் வந்தது. இந்தோசீனாவில் சிப்பாயாக இருந்த என் அக்கா மகன் இறந்துவிட்டான். அங்கேயே அடக்கம். அக்காவும் விதவை. அவளுக்கும் அவன் ஒருவன்தான்.

கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். 'அரசாங்கம் ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று தொடங்கினேன். என்னைப் போலவே இஸ்திரி போடத் தெரிந்த எவனோ எழுதிய கடிதம்.

"வருத்தம் கெடக்கட்டும். புள்ளைக்கு என்னடா?"

சொன்னேன்.

அவள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. மீன் கையோடு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கினாள். உள்ளே இருப்பதை யாரோ உருவி எடுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் அதற்குச் சொல் இல்லை. எனக்குத் தெரியாத கிரேக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை சாமியாரிடம் போய், சொல்லை மாற்றச் சொன்னேன். சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பேனாவை நீட்டினார்.

ஞாயிறன்று, "அவளைக் கண்டு ஆண்டவருக்குக் குடல் பதறியது" என்று வாசித்தார். ஓமத்தண்ணியை யாரும் நினைக்கவில்லை. பெண்கள் வரிசையில் குனிந்தே இருந்த அக்கா தலையை நிமிர்த்தினாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "கொடலு பதறித்தான் அந்தப் பாடையத் தொட்டாராடா?"

"ஆமாக்கா."

"அந்தப் புள்ள எந்திரிச்சிட்டான்."

"ஆமா."

"எம்புள்ளைக்குப் பாடையும் இல்லியே தம்பி. எதத் தொடுவாரு?"