முந்நூற்று இரண்டுக்குப் போன களி

“…கற்பனையில உதிச்ச களி இல்லம்மா அது. காதுல வுழுந்த களி” என்று பாய் அந்தத் தாளை என் மேசைமேல் வைத்தார்.

ஓசூரில் எங்கள் நட்சத்திர ஓட்டலின் வரலாற்றை எழுதி நுழைவுக் கூடத்துச் சுவரில் மாட்டப் போகிறார்கள். தமிழ் வாசகத்தைச் சரிபார்ப்பது ரிசப்ஷனில் இருக்கும் என் வேலை. பாய், ஊழியர் மெஸ்ஸின் சமையல்காரர், ஊத்தங்கரைக்காரர். தாளில், ‘எங்கள் புகழ்பெற்ற கேழ்வரகுக் களி தலைமைச் செஃப்பின் கற்பனையில் உதித்தது’ என்று இருந்தது. அந்த செஃப் வேலைக்குச் சேர்ந்ததே களி வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான்.

நடந்தது எனக்குத் தெரியும். ஓட்டல் திறந்த புதிது. இங்கே ஒரு கம்பெனியில் மெஷின் மாட்ட வந்த ஜப்பான்காரர் ஒருவர் முந்நூற்று இரண்டில் தங்கியிருந்தார். எங்கள் காரம் ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் வாழைப்பழத்தில் ஓட்டினார். பிறகு, பெங்களூருக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்ட மேலே போனார். அறையைச் சுத்தம் செய்யச் சொல்ல நான் இன்டர்காம் எடுத்தேன். எண்ணை மாற்றி அழுத்தியதில் அது மெஸ்ஸில் அடித்தது. “முந்நூத்தி ரெண்டு காலி” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிரைண்டர் சத்தத்தில் பாய்க்குக் கேட்டது ‘களி’. மெஸ்ஸில் அன்றைக்குக் களிதான். ஓர் உருண்டையும் காரமில்லாத கீரைக் கடைசலும் தட்டில் வைத்து மூடி, அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாராம். ஜப்பான்காரர் கட்டிய பெட்டியைப் பிரித்தார். ஒரு மாதம் இருந்தார். அவர் சொல்லித்தான் களி மெனுவில் ஏறியது.

இதையெல்லாம் மேனேஜரிடம் சொன்னேன். பாயின் பங்கு சுவரில் இல்லாமல் போகக்கூடாது என்றேன். அவர் கன்னடக்காரர், களியை முத்தே என்பார். ஆனால் காலி அங்கேயும் காலிதான் என்பதால் கதை உடனே பிடிபட்டுச் சிரித்துவிட்டார். தப்பைப் போய் சுவரில் மாட்டுவதா என்றுதான் யோசித்தார். கடைசியில் பாயையே கூப்பிட்டு, ‘மெஸ் சமையல்காரர் தவறாகக் கேட்டதால் பிறந்த களி’ என்று போடலாமா, வருத்தமில்லையே என்று கேட்டார்.

“தாராளமா போடுங்க சார். ஆனா தப்பு என்னோடது மட்டும் இல்லீங்க. இந்தம்மா தப்பா போன் போட்டுச்சு. அதையும் சேத்துப் போட்டாத்தான் வரலாறு.”

மேனேஜர் சம்மதித்தார். கீழே ஒரு படம் வேண்டும், இப்போதே எடுத்துவிடலாம் என்று செல்போனை நீட்டினார். பாய் ஏப்ரனைக் கழற்றினார், தாடியைக் கையால் நீவிவிட்டுக்கொண்டார், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்றை இழுத்துப் போட்டார்.