அம்மா காட்டாத பாம்பு

ஐந்தாம் வகுப்பு முடித்ததும் என்னைத் திருவண்ணாமலையில் ஒரு விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க முடிவானது. நாங்கள் இருளர் என்பதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். கெடு ஆறு வாரம். தவறினால் இடம் போய்விடும்; நானும் அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போகவேண்டியதுதான்.

முதல் திங்கட்கிழமை, அம்மா தன்னிடமிருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். நாங்கள் செய்த பிழை அதுதான்.

திருவண்ணாமலைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் தரும் அலுவலர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா இருளர் மாதிரியே இல்லியேம்மா."

"எப்டி சார் இருக்கணும்?"

"பாம்பு புடிப்பீங்க இல்ல? ஒண்ணு புடிச்சினு வந்து காட்டு, எழுதித் தர்றேன்."

"எனக்குப் பாம்புன்னா பயம் சார்," என்றாள் அம்மா. உண்மைதான். அறையே சிரித்தது.

எங்கள் குடும்பத்தில் பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நல்ல நீளமா ஒரு சாரைய அவரு மேசை மேல வுடறேன்க்கா. சீலு தானா வுழும் பாரு!"

அந்தக் காட்சி எனக்கு நினைக்கவே இனித்தது. அம்மா "வாணாம்" என்று முடித்துவிட்டாள்.

அடுத்த திங்களும் அதே சேலை, அதே ரிப்பன்.

"பாம்பு எங்கம்மா?"

"கொண்டாரல சார். பொண்ணு படிக்கணும், எழுதிக் குடுங்க."

மூன்றாம் வாரம் அவர் தலையே நிமிரவில்லை. நான்காம் வாரம் பௌர்ணமி; கிரிவலக் கூட்டத்தில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தால், அவர் விடுப்பு. ஐந்தாம் வாரமும் வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் நான் அம்மாவை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு பாம்பு. அதைக்கூட எனக்காகச் செய்யமாட்டாளா?

ஆறாவது திங்கட்கிழமை, கதவு திறக்குமுன்பே போய் நின்றோம்.

"இன்னாம்மா, வுடமாட்ட போலக்குதே!"

"இவள சேத்துட்டா நான் ஏன் சார் வரப்போறேன்?"

அலுத்துப்போய்க் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார்.

எங்களுக்குப் பின்னால் நின்றவளும் எங்கள் குடியிருப்புப் பெண்தான். அவள் கையைப் பிடித்தபடி மகன், அவனுக்கும் அதே சான்றிதழ். அலுவலர் அவர்களையும் ஏற இறங்கப் பார்த்து, ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மா இன்னும் நகராமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். "மனுவக் குடும்மா" என்றார்.

பதினொன்றரை பஸ் போய்விடும் என்று நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. எங்கள் வேலைதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இங்கே நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.