உயிரோடு விட்டதாகச் சொன்ன மீன்

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, நாற்பத்து நாலாவது வயதில் நான் மீன் பிடிக்கக் கிளம்பினேன். அலுவலகத்தில் எனக்குச் 'சைவக் கொக்கு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சிரிக்கிறவர்களுக்கென்று ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். காவிரியில் மகாசீர் என்கிற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கப் புழு வேண்டாம், சின்ன மீன் வேண்டாம்; வேகவைத்த ராகி உருண்டை போதும். பிடித்த மீனைத் தின்பதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுவோம். மைசூரில் பாதிப் பேர் மத்தியானம் தின்கிற ராகியைத்தான் மீனும் தின்கிறது, இதில் பாவம் எங்கே வந்தது என்று கேட்பேன். சிரித்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

என் மனைவி மட்டும் மசியவில்லை. "திரும்ப விடறதுக்குன்னா எதுக்குங்க பிடிக்கணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மைசூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு தூண்டில் சங்கத்தில் சேர்ந்திருந்தேன். கொள்ளேகாலம் தாண்டி, காவிரியின் ஒரு பகுதிக்கு அவர்கள் அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். கரையில் நாலு கூடாரம், ஒரு மேலாளர், ஒரு சமையல்காரர், ஒரு காவல்காரர், எங்களுக்கு ஆற்றைக் காட்டிக்கொடுக்கச் சில வழிகாட்டிகள். பிடித்த மீனை உயிரோடு விட வேண்டும் என்பது முதல் விதி. அனுமதியே அந்த விதியின் பேரில்தான் கிடைத்திருந்தது. வேலை பார்க்கிறவர் யாராவது மீனைக் கொன்றதாகத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒவ்வொரு முகாமிலும் மேலாளர் இதை எங்கள் முன்னால் கன்னடத்தில் உரக்கச் சொல்வார். சொல்வது எங்களுக்கல்ல, பின்னால் நிற்கிற ஆட்களுக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு வாய்த்த வழிகாட்டி ஹனூர்ப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் நான் போனில் மனைவியிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஏனுங் சார், தமிழுங்களா நீங்க?" என்றார்.

"ஆமா. அப்பா ரயில்வேல இருந்தாரு. மைசூர்லயேதான் பிறந்தது, வளந்தது எல்லாம்."

"அதானே பாத்தேன். பாதிக்குப் பாதி கன்னடமா வருது," என்று சிரித்தார்.

அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொள்வோம். மற்ற உறுப்பினர்களுக்குப் புரியாது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். சமையல்காரரிடம் அவரே போய், "சாருக்குத் தனிச் சட்டியில செய்யுங்க, கறிக் கரண்டிய அதுல போட்டுராதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். நான் கேட்காமலே செய்தார். இதை இங்கே எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண் என்பார்கள். ராகி போட்டுப் பிடிப்பதில் மிதப்பே கிடையாது. உருண்டை ஆற்றின் அடியில் கிடக்கும், தூண்டில் நரம்பை விரலால் தொட்டபடி மணிக்கணக்காகப் பாறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் விரல் நரம்பில் இருந்தது, கண் மற்றவர்கள் பிடித்த மீன்மேல் இருந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள்கூட முதல் மீனைப் பிடித்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அவர்கள் எழுந்து நின்று முதல் மீன் கதையைச் சொல்ல வேண்டும், அது சங்கத்து வழக்கம். நான் கைதட்டிக் கைதட்டி அலுத்துப்போனேன்.

நாலாவது முறை, வெயில் காலம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். விரலிலிருந்து நரம்பு பிய்த்துக்கொண்டு போயிற்று. ரீல் அலறியது. நான் எழுந்த வேகத்தில் செருப்பு ஆற்றில் போயிற்று.

"விடுங்க, ஓடட்டும். புடிச்சு நிறுத்தாதீங்க, அறுத்துக்கும்," என்றார் வழிகாட்டி. பிறகு, "இப்பச் சுத்துங்க. மெதுவா." பிறகு மறுபடியும், "விடுங்க."

முக்கால் மணி நேரம் இழுபறி. தோள் இற்றுப்போயிற்று. கடைசியில் கரையோர ஆழமில்லாத நீரில் அது பக்கவாட்டில் புரண்டபோது சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்தது. சின்ன வெற்றிலை அகலத்துக்குச் செதில்கள், ஒவ்வொன்றும் தங்க நிறம். ஹனூர்க்காரர் அதை ஆனைக்கெண்டை என்பார். அந்தப் பெயர் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது, உண்மையாகவே.

அதுவரை நான் ஒரு மீனைத் தொட்டதில்லை. இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாடையும், வாயைத் திறந்து திறந்து மூடுகிற விதமும், உடம்பின் வழவழப்பும் கிட்டத்தில் வந்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். தோளில் வெயிலில் காய்ந்து மொறமொறவென்று இருந்த துண்டை எடுத்து அதன் முதுகில் சுற்றினேன்.

"துண்டு வேணாமுங்க சார். அந்த வழவழப்புப் போயிருச்சுன்னா மீனு தாங்காது. கைய நனைச்சுட்டு வெறுங்கையில புடிங்க."

"ஒரே நிமிஷம், இருங்க," என்று என் போனை அவரிடம் கொடுத்தேன்.

முதல் போட்டோவில் என் முகம் அருவருப்பில் கோணியிருந்தது. இரண்டாவதில் மீன் நழுவிக் கல்லில் விழுந்தது. மூன்றாவதில் என் கண் மூடியிருந்தது. "போதுமுங்க சார், மூச்சு வாங்குது," என்றார். "நீங்க போட்டோ எடுங்க," என்றேன். அந்தக் குரலில் நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் எடுத்தார். ஐந்தாவதில்தான் நான் சிரித்தபடி இருந்தேன்.

பிடித்தவர்தான் மீனை விட வேண்டும். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, வயிற்றையும் வாலடியையும் தாங்கிக்கொண்டு, அதுவாகத் திமிறிப் போகிறவரை தண்ணீரில் பிடித்திருக்க வேண்டும். அரைமணி நேரம்கூட ஆகலாம். நான் தொடங்கும்போது, நாங்கள் வந்து கரையில் கட்டியிருந்த பரிசல் கட்டவிழ்ந்து நகர ஆரம்பித்தது. அவர் அதைப் பிடிக்கக் கரையோரமாக ஓடினார். நான் தனியாக, அப்போதும் துண்டோடுதான், மீனைப் பிடித்தபடி முட்டிபோட்டிருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். முட்டியில் கல் குத்தியது. சீக்கிரம் எழுந்துபோய் நாலு பேருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று மனம் பறந்தது. கையை எடுத்துவிட்டேன்.

மீன் போகவில்லை. சாய்ந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. வாய் இரண்டு முறை அசைந்தது. பிறகு ஓட்டம் அதை இழுத்து ஆழத்தில் தள்ளிவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆழத்துக்குப் போகும் முன் குதித்துப் பிடித்திருக்கலாம், அதுவரை இடுப்பளவுத் தண்ணீர்தான்.

அவர் மூச்சிரைக்க வந்து, "போயிருச்சுங்களா?" என்றார்.

"வாலை ஒரு அடி அடிச்சிட்டுப் போச்சு."

"நல்லதுங்க சார்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று சாப்பாட்டுக்கு முன் நான் எழுந்து நின்று முதல் மீன் கதையைச் சொன்னேன். கண், காது, மூக்கு வைத்துச் சொன்னேன், கடைசியில் வாலும் வைத்தேன். வாலடித்த தண்ணீர் என் முகத்தில் தெறித்ததாம். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவிக்கும் போட்டோ அனுப்பியிருந்தேன். 'உயிரோட விட்டீங்களா?' என்று மட்டும் திரும்பக் கேட்டிருந்தாள். 'விட்டேன்' என்று பதில் போட்டேன்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது கூடாரங்களுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. ஆற்றோரப் பாதையில் வழிகாட்டியின் பைக்கைக் காவல்காரர் நிறுத்தியிருந்தார். பின்னால் கட்டியிருந்த சாக்கில் ஒரு பெரிய மகாசீர், செத்தது. "கீழப் பாறையில சிக்கிக் கெடந்துச்சுங்க. காட்டலாம்னு எடுத்தாந்தேன்," என்று வழிகாட்டி கன்னடத்திலும் தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காட்ட எடுத்து வருகிறவன் சாக்கில் போட்டுக் கட்டுவானா என்று மேலாளர் கேட்டார். பைக் முகாமைப் பார்த்து வந்ததா, ஊரைப் பார்த்துப் போனதா என்பதில் காவல்காரர் சொன்னதும் வழிகாட்டி சொன்னதும் ஒத்துப்போகவில்லை.

மேலாளர் என்னைப் பார்த்தார். "சார், நேற்று நீங்கள் விட்ட மீனா இது? பார்த்துச் சொல்லுங்கள்," என்று கன்னடத்தில் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். முதுகின் குறுக்கே, துண்டு அகலத்துக்கு, செதில்கள் பளபளப்புப் போய் வெளுத்திருந்தன. கீழுதடு இடப்பக்கம் கிழிந்திருந்தது, என் தூண்டில் முள் ஏறிய இடம். பார்க்கவே வேண்டியதில்லை, சாக்கை அவிழ்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம், என் மீன்தான், என் கையில்தான் செத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழிகாட்டி மேல் குற்றமில்லை என்று ஆகிவிடும். முந்தின நாள் கைதட்டியவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வழிகாட்டி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"இது இல்லை. என் மீன் நன்றாகப் போய்விட்டது," என்றேன். வழிகாட்டியிடம் தமிழே பேசி வந்த நான், இதை மட்டும் கன்னடத்தில் சொன்னேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதைச் செய்து பார்த்தது அன்றுதான். மேலாளர் வேறெதுவும் கேட்கவில்லை. வேலை போன வழிகாட்டி தன் பையை எடுத்துக்கொண்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டே மேட்டில் ஏறிப் போனார். மீனைக் கரையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். நான் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மைசூர் திரும்பியதும் என்னைக் கொக்கு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். போட்டோவைப் பார்த்தவர்களெல்லாம் மீனின் கனத்தைக் கேட்டார்கள். அந்தக் கதையை அதற்குப் பிறகும் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூடக் குரல் தடுமாறவில்லை. தடுமாறவில்லையே என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு இதமாகவும் இருந்திருக்கும். அவள் கேட்டதெல்லாம், "அவர் வீடு எங்க இருக்கு?" என்பதுதான்.

அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. ஹனூருக்கு பஸ் ஏறிப் போய், விசாரித்து விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். யாருடைய டிராக்டரையோ வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சோள வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். இளைத்திருந்தார்.

"வாங்க சார். இவ்வளவு தூரம் எங்கீங்க?"

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "அது என் மீன்தான்," என்றேன்.

"தெரியுமுங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாறையிலிருந்து எடுக்கறப்பவே தெரிஞ்சுதுங்க. துண்டு பட்ட எடம் அப்படியே வெளுத்துக் கெடந்துச்சே."

"அப்ப ஏன் அங்கயே சொல்லல நீங்க?"

"வேலக்காரன் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றான்ம்பாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க. உங்களப் பாத்துட்டுத்தானே நின்னேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

நாளைக்கே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"வேணாமுங்க சார். என்ற எடத்துல இப்ப என்ற மச்சான் வேல பாக்கறான். அவன் எனக்குச் சொந்தம்னு அங்க யாருக்கும் தெரியாது. நீங்க போய்க் கிளறுனீங்கன்னா அது வெளிய வந்துரும், அவனையும் அனுப்பிருவாங்க. ரெண்டு கொழந்தைங்க அவனுக்கு."

"உங்க பேர்ல இருக்கற பழி?"

"அது இருக்குதுங்க. என்ன பண்றது?" என்றார். பிறகு, "சும்மா இருந்துக்குங்க சார். எனக்காக இது ஒண்ணு பண்ணுங்க," என்றார்.

சரி என்றேன். டீ குடிக்கக் கூப்பிட்டார், குடித்தேன். பஸ் நிற்கும் இடம்வரை டிராக்டரிலேயே கொண்டுவந்து விட்டார்.

சங்கத்தை விட்டு விலகிவிட்டேன், முதுகுவலி என்று காரணம் சொல்லி. இங்கே யார் பெயரையும் எழுதாததும், சில அடையாளங்களை மாற்றியிருப்பதும் அவருக்குக் கொடுத்த வாக்குக்காக. இன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அவர் கேட்டுக்கொண்டதால். அன்றைக்கு மூடிக்கொண்டிருக்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.