குழாயில் ஏறிய கரண்ட்

தான்யூப் ஆற்றங்கரையில் உள்ள வீதின் நகர ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷம் இஸ்திரி போட்டவள் நெவேனா. துணி கருகப்போவது அவள் மூக்குக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த மார்ச் மாதம் குளியலறையில் மீன் அழுகியதுபோல் ஒரு வாடை அடித்தது. வெந்நீர்க் கொதிகலன் மாட்டிய சுவர் தொட்டால் வெதுவெதுத்தது.

“தான்யூப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு மீன் வாடை அடிக்குதாம்! போயி ஆத்தைக் கழுவிட்டு வா,” என்று சிரித்தான் கணவன் கூஞ்சோ. வீட்டு வயரிங் முழுக்க அவன் கைவேலை. அதில் குறை சொன்னால் அவனுக்குப் பிடிக்காது.

அவன் தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் உரிமம் பெற்ற மின் பரிசோதகரை வரவழைத்தாள். வந்தவள் தெமெனூகா, நாற்பது வயதிருக்கும். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த வயர் இணைப்புப் பெட்டியைத் திறந்ததும் அந்த மீன் வாடை குப்பென்று அடித்து, கருகிய வயர் உறை தூளாகக் கொட்டியது.

“இது யாரு செஞ்ச வேலை?”

“எங்க வீட்டுக்காரர்.”

தெமெனூகா அடுத்து கையிலிருந்த மீட்டரின் முனையைத் தண்ணீர்க் குழாயில் வைத்தாள். இரண்டு முறை வைத்துப் பார்த்தாள்.

“அக்கா, குழாயைத் தொடாதீங்க.” ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வெங்காய நாற்றோடு உள்ளே வந்தான் கூஞ்சோ. “யாரைக் கேட்டு இதையெல்லாம் திறந்தீங்க?”

“கொதிகலன் எர்த்தைத் தண்ணிக் குழாயில கட்டியிருக்கீங்களே?”

“அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான் கட்டினாங்க. குழாய் மண்ணுக்குத்தானே போகுது?”

“இப்பப் போகல. போன கோடையில கீழ்த்தளத்துல பிளாஸ்டிக் குழாய் மாத்தினதா அக்கா சொன்னாங்க. கொதிகலன்ல கசியுற கரண்ட் இந்த இரும்புக் குழாய் போற எல்லா வீட்டுக்கும் போகும். உங்க குளியல் தொட்டி பிளாஸ்டிக்கா இருக்கப்போய் தப்பிச்சீங்க. இரும்பா இருந்திருந்தா…”

நெவேனா தரையைப் பார்த்தாள். கீழ் வீட்டில் இரும்புத் தொட்டி. அதில் குளிக்கும்போதுதான் நவம்பரில் ஃபிலிப் சரிந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் கூஞ்சோவும் ஒருவன். “குழாய் என்னைக் கடிக்குது” என்று ஃபிலிப்பின் மனைவி ஸ்லாவ்கா சொன்னபோது, தனியாக இருப்பவளிடம் குழாய்கூட வம்பு பண்ணுகிறது என்று கிண்டலடித்தவனும் அவன்தான்.

“எப்போலேர்ந்து கசியுது?” நாற்றைக் கீழே வைத்தான் கூஞ்சோ.

“அதை என்னால சொல்ல முடியாது. ஆனா கீழ இருக்குற எல்லா வீட்டுக்கும் இப்பவே சொல்லியாகணும்.”

“ஸ்லாவ்காகிட்ட நான் சொல்றேன்.”

நெவேனாவும் கூடவே இறங்கினாள். ஈரக் கையோடு கதவைத் திறந்தாள் ஸ்லாவ்கா. கூஞ்சோ கதவு நிலையைப் பார்த்தபடியே எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தான். அவள் தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அப்ப என் ஃபிலிப்?”

“தெரியல, ஸ்லாவ்கா.”

அவள் மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

ஒரு வாரத்தில் வயரிங் முழுவதும் புதிதாக மாறியது. ஏப்ரலில் போலீஸ் வந்து பழைய கொதிகலனை எடுத்துப்போனது. ஃபிலிப்பின் சாவு பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. கூஞ்சோ இப்போதெல்லாம் ஸ்லாவ்கா இருக்கும் இரண்டாம் மாடியைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறுகிறான்.