உடையாத ஆளி விதை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் ஓரெஸ்ட் ஹ்னாட்யுக். வாடகை டிராக்டரில் தொடங்கி, சஸ்காட்செவன் மாகாண மண்ணில் ஆயிரத்து இருநூறு ஏக்கரைத் தன் கையால் சேர்த்தார். அவருடைய ஆளி விதைக்கு அந்த வட்டாரத்தில் ஈடு கிடையாது. அவர் அறுவடை இயந்திரத்தை முடுக்கினால், ஒரு லாரிச் சரக்கில் ஒரு விதைகூட விரிசல் கண்டிருக்காது. விரிசல் கண்டால் கிடங்கில் தரம் இறங்கும். அவர் பெயரும் இறங்கும்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன குளிர்காலத்தில் நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே பன்றிக்கொழுப்பில் முட்டை பொரித்தார். மனைவி ஸ்டெஃபா பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"நீ வயல்ல செத்துக் கிடக்கறதப் பாக்க நான் காவல் இருக்க மாட்டேன். ரத்தத்துல கொழுப்பு இறங்கிடுச்சுன்னு டாக்டர் சொல்லட்டும், வரேன்."

வான்கூவரில் மகள் வீட்டுக்குப் போனவள்தான். அவர் மேசையில் இரண்டு தட்டு வைப்பார். பிறகு ஒன்றைத் திரும்ப எடுப்பார். பன்றிக்கொழுப்பை விட்டார். மாத்திரை தவறவில்லை. நர்ஸ் டோரீன் ஆளி விதையும் சேர்க்கச் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

"எனக்கேவா? ஊருக்கே விளைவிக்கறவன் நான்!"

தினம் இரண்டு கரண்டி, தயிரில். மூன்று மாதம்.

வயல் நீலமாய்ப் பூத்த வாரம் முடிவு வந்தது. கொழுப்பு இறங்கியிருந்தது, ஆனால் டாக்டர் கேட்ட அளவுக்கு இல்லை.

"அரைச்சுதானே சாப்பிட்டீங்க?" என்றாள் டோரீன்.

"அரைக்கறதா? என் விதையையா?"

டோரீன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "முழுசா உள்ள போய் முழுசா வெளிய வந்திருக்கு பெரியவரே! ஓடு உடைஞ்சாத்தான் உடம்புல ஒட்டும். அப்பவும் அது மருந்தில்ல, துணைதான். மாத்திரைய விட்றாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெஃபாவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு ஏழு மாதமாயிற்று.

"கிழவா, ஒரு விதைய உடைக்க உனக்கு மனசு வரலயே!"

"சிரி, சிரி. வரியா?"

சிரிப்பு நின்றது. "அடுத்த சோதனை எப்போ?"

"அக்டோபர்."

"அப்ப அக்டோபர்ல."

"வயல் பூத்திருக்கு ஸ்டெஃபா. காலைல விரியற பூ மத்தியானத்துக்குள்ள கொட்டிடும்."

"தெரியும்." அவள் குரல் தேய்ந்தது. "தெரியாதா எனக்கு."

"வெச்சுடாத, இரு." அவர் காபி அரைக்கும் மில்லில் விதையைக் கொட்டி, போனை அதன் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். கடகடவென்று அத்தனையும் நொறுங்கியது.

"இன்னும் கொஞ்சம் நைசா," என்றாள் ஸ்டெஃபா.