கண்ணாடியைத் தனியாக வையுங்கள்

சாமுண்டீஸ்வரியின் வலது உள்ளங்கையில் ஏழு தையல் போட்டார்கள். டன்லப் தெருவுக்குப் பின்னாலிருக்கும் சந்தில் ஒரு கறுப்புக் குப்பைப் பையைத் தூக்கியபோது, உள்ளே உடைந்து கிடந்த பீர் பாட்டில் கையுறையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது. பதினொரு வருடமாக அந்தச் சந்தைத் துப்புரவு செய்கிறவர் அவர். கை கிழிபடுவது புதிதல்ல. இத்தனை ஆழமாகக் கிழிந்ததுதான் புதிது.

ஏப்ரலில் காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்கும் அரசுத் திட்டம் வந்ததிலிருந்தே சந்தின் குப்பை மாறிப்போயிருந்தது. பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் இயந்திரத்தில் போட்டால் பத்துக் காசு திரும்பக் கிடைக்கும். கண்ணாடிக்கு எதுவும் கிடையாது. காலையில் நாலைந்து முதியவர்கள் வந்து பைகளைக் கிழித்து, காசு தருவதைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள்மேல் சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் இல்லை. ஆனால் உடைந்ததும் உடையாததுமாக மிஞ்சிய கண்ணாடியை அள்ளுவது அவர் பாடாயிற்று.

இரண்டு வார மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பிய அன்றே மூன்று பைகளைத் தொடாமல் விட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் துப்புரவு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வெங்கட் வந்து நின்றார்.

"அக்கா, மூணு கடையிலேருந்து கம்ப்ளெயின்ட். பையை ஏன் எடுக்கலை?"

"உள்ள கண்ணாடி இருக்கு."

"எப்பவும் இருக்கறதுதானே லா."

"இருந்துச்சு, எடுத்தேன். இனிமே எடுக்க மாட்டேன். தனியா வைக்கச் சொல்லுங்க, எடுக்கறேன்."

"கடைக்காரங்ககிட்ட நாம அப்படிச் சொல்ல முடியாதுக்கா. அவங்கதான் கஸ்டமர்."

"நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

சொன்னபடியே செய்தார். சந்தில் பின்வாசல் திறக்கும் கடைகள் பதினொன்று. முதலில் போனது மளிகைக் கடை அப்துல் கஃபாரிடம். அவர் கட்டு போட்ட கையை ஒரு தரம் பார்த்தார். காய்கறி வந்திறங்கும் பிளாஸ்டிக் கூடைகளில் காலியாக இருந்தவற்றையெல்லாம் எடுத்து அடுக்கிவிட்டு, "வேணும்கறதை எடுத்துக்கோங்கம்மா" என்றார். கடைக்கு ஒரு கூடை வைத்துக்கொண்டே போனார் சாமுண்டீஸ்வரி. ஓர் உணவக மேலாளர், குப்பை எடுக்க வந்தவர் தனக்குப் பாடம் நடத்துகிறாரா என்று கேட்டார். அந்த உணவகத்தின் பை அன்று முழுக்க அதன் சமையலறை வாசலிலேயே கிடந்தது. மறுநாளும் கிடந்தது. மூன்றாம் நாள் கூடையில் பாட்டில் நின்றது.

ஒரே மாதத்தில் ஒன்பது கடைகள் வழிக்கு வந்தன. சேர்ந்த பாட்டில்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பக்கத்து அடுக்குமாடி வீடுகளின் கீழேயிருந்த நீல மறுசுழற்சித் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டார். அது இரண்டே நாளில் நிரம்பி வழிந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் திவ்யதர்ஷினி வந்தாள். ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் வேலை செய்பவள், முப்பது வயதிருக்கும். கண்ணாடி சேகரிப்புக்கு அரசு மானியம் இருக்கிறது, விண்ணப்பிக்கலாம் என்றாள். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கூடைகளைப் படம் எடுத்தாள். தழும்பு விழுந்த கையையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்தாள். அப்புறம் பல வாரங்கள் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

மானியம் கிடைக்கப் போகிறது என்பதே கஃபார் சொல்லித்தான் தெரிந்தது. கடைக்காரர்களுக்குக் கடிதம் வந்திருந்தது. சமூக மன்றத்தில் விளக்கக் கூட்டம். சாமுண்டீஸ்வரிக்குக் கடிதம் இல்லை.

"நீங்க வாங்கம்மா, என்கூட வந்து உட்காருங்க" என்றார் கஃபார்.

சீருடையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மானியம் தரும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். திரையில் முதலில் தோன்றியது சாமுண்டீஸ்வரியின் கை. பெயர் எங்கும் இல்லை. அடுத்து திட்டம்: சந்து முனையில் நான்கு பெரிய சக்கரத் தொட்டிகள், ஒவ்வொன்றும் இருநூற்று நாற்பது லிட்டர், நாளுக்கு இரண்டு தடவை அவை பெரிய சாலைக்குப் போகும், அங்கிருந்து லாரி எடுத்துக்கொள்ளும்.

சாமுண்டீஸ்வரி எழுந்தார். "போகும்னா, தானா போகுமா? யார் இழுப்பாங்க?"

"க்ளீனர்ஸ்தான் ஆன்ட்டி" என்றாள் திவ்யதர்ஷினி.

"அந்தச் சந்துக்கு க்ளீனர் நான் ஒருத்திதான்."

அதிகாரி பணிவாகவே பதில் சொன்னார். கருத்தைக் குறித்துக்கொள்வதாகவும், ஆறு மாதச் சோதனைக்குப் பிறகு பரிசீலிப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். சாமுண்டீஸ்வரியும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே கேட்டார். மாதிரித் தொட்டி ஒன்று சந்தில் ஏற்கெனவே வந்து நிற்கிறது, நடந்தால் ஐந்து நிமிடம், ஆறு மாதம் எதற்கு?

கஃபார் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அதன் பிறகு போகாமலிருக்க யாராலும் முடியவில்லை.

சந்தில் அன்றைய பாட்டில்களைக் கஃபாரும் சாமுண்டீஸ்வரியுமாகத் தொட்டியில் போட்டு நிரப்பினார்கள். "இழுங்க சார்" என்றார் சாமுண்டீஸ்வரி. அதிகாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு இழுத்தார். நாலு எட்டு நகர்ந்தது. சாக்கடை மூடியின் விளிம்பில் சக்கரம் மாட்டி நின்றது. உடம்பைச் சாய்த்து இழுத்தபோது தொட்டி அவர்மேலேயே சாயப் பார்த்தது. கஃபார் தாங்கிப் பிடித்தார். திவ்யதர்ஷினியும் கைகொடுத்த பிறகுதான் சாலையை எட்டியது. அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"இது ஒண்ணு" என்றார் சாமுண்டீஸ்வரி. "இன்னும் மூணு இருக்கு. சாயங்காலம் மறுபடி நாலு."

திவ்யதர்ஷினி அவரைத் தனியே அழைத்தாள். "ஆன்ட்டி, ஃபார்ம்ல இதே சைஸ்தான் போட்டாச்சு. மாத்தினா ஃபர்ஸ்ட்லேருந்து அப்ளை பண்ணணும். மூணு மாசம் போயிடும்."

"போகட்டும். என் கையைப் படம் போட்டுக் காட்டினீங்க. அந்தக் கையால என்ன இழுக்க முடியும்னு மட்டும் கேக்கலை."

திவ்யதர்ஷினி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "எத்தனை கிலோ தூக்கலாம், சொல்லுங்க."

இருவரும் கஃபார் கடையின் பின்வாசலில் உட்கார்ந்து எழுதினார்கள். சின்னக் கூடைகள், அரைக்கூடைக்கு மேல் நிரப்பக் கூடாது, லாரி சந்துக்குள்ளேயே வர வேண்டும், வெட்டுப்படாத கையுறை, தூக்க இரண்டு பேர்.

மறு வாரம் நிறுவனத்திலிருந்து சாமுண்டீஸ்வரிக்குக் கடிதம் வந்தது. அனுமதியின்றிச் சீருடையில் வெளிக்கூட்டத்துக்குப் போனதால் வடகோடியிலிருக்கும் மார்சிலிங்குக்கு மாற்றம். அவர் வீடு மேற்கே கிளமெண்டியில். இனி ஒவ்வொரு நாளும் தீவின் குறுக்கே போய்வர வேண்டும். கடிதத்தைக் கொடுத்த வெங்கட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வேலையை விட்டுடுவீங்கன்னு நினைக்கறாங்கக்கா."

"அப்படியா? நாளைக்கு எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?"

மார்சிலிங்கில் போய் நின்ற இரண்டாம் நாளே, காப்பிக் கடைக்காரரிடம் கண்ணாடியைத் தனியாக வைக்கச் சொன்னார். அங்கிருந்த மேற்பார்வையாளர் வெங்கட்டுக்குப் போன் செய்து, இது யாரை அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

மூன்று மாதம் அல்ல, ஐந்து மாதம் ஆயிற்று. மானியம் வந்தது, கேட்டதைவிடக் குறைவாக. ஆனாலும் கையுறைக்கும் இரண்டாவது ஆளுக்கும் வெட்டு விழவில்லை. கண்ணாடி சேகரிப்பாளர் என்று ஒரு வேலையும் அதில் இருந்தது. திவ்யதர்ஷினி நேரிலேயே கிளமெண்டி வீட்டுக்கு வந்து, திட்ட அறிக்கையையும் அந்த வேலைக்கான ஒப்பந்தத்தையும் நீட்டினாள். அறிக்கையின் முதல் பக்கத்தில் சாமுண்டீஸ்வரியின் பெயர், முழுப் பெயர். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஒப்பந்தத்தை வரி வரியாக விளக்கச் சொன்னார். விடுப்பு நாள்கள் குறைவு என்று திருத்த வைத்த பிறகே கையெழுத்திட்டார்.

புது வேலையின் முதல் நாள் லாரி ஓட்டி வந்தவர் இப்ராஹீம். முன்னிருக்கையில் கயிறும் கருவிப் பெட்டியும் குவிந்திருந்தன.

"அக்கா, முன்னால சாமான் இருக்கு. இன்னைக்கு மட்டும் பின்னால கூடைங்களோட ஏறிக்கறீங்களா?"

சாமுண்டீஸ்வரி கதவைத் திறந்தார். கயிற்றையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் வைத்தார். திரும்பி வந்து முன்னால் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"சாமான் பின்னால வரட்டும்" என்றார். "எடுங்க வண்டியை."