முதல் மாலை

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி, யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். எதிரே உள்ள சத்திரத்தில், காலமான ஓர் அம்மாளுக்கு நினைவுக் கூட்டம். ஊர்க் கிணற்றை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டவர். யுத்தம் கூடாது என்று பேசி ஜெயிலுக்குப் போனவர். அவர் படத்துக்கு யார் முதல் மாலை போடுவது என்று தலைவரும் காரியதரிசியும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து உலுக்குகிறார்கள். மாலை தரையில் கிடக்கிறது.

வாசலுக்கு வெளியே சேரியிலிருந்து வந்த பெண் ஒருத்தி நிற்கிறாள். அம்மாளிடம் எழுத்துப் படித்தவளாம்.

"உள்ளே போகலையாம்மா?" என்கிறேன்.

"எங்கள வெளியவே நின்னு கும்புட்டுக்க சொல்லிட்டாங்க."

"இந்தச் சண்டையைப் பார்த்தா அவங்க என்ன செய்வாங்க?"

"ரெண்டு பேர் அடிச்சிகினா நடுவுல போயி நிப்பாங்க."

சொல்லிவிட்டுச் சற்று யோசிக்கிறாள். பிறகு உள்ளே போய் இருவருக்கும் நடுவே நிற்கிறாள். அவள் பட்டால் தீட்டாகிவிடுமே என்று இருவரும் ஆளுக்கொரு மூலைக்குத் தாவுகிறார்கள். நொடியில் சமாதானம். அவள் நிதானமாக மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறாள்.

"அதைக் கழட்டுய்யா" என்கிறார் தலைவர்.

"நீங்களே கழட்டுங்க" என்கிறார் காரியதரிசி.

அவள் தொட்டதைத் தொட அந்தச் சபையில் ஆளில்லை. என் பஸ் கிளம்பும்போதும் மாலை படத்தில்தான் இருக்கிறது.